ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை

ராஜாக்களுக்கே செருப்பு இல்லாத காலம் ஒன்று இருந்தது. போக வேண்டிய இடத்துக்கெல்லாம் எல்லோரும் நடந்துதான் போனார்கள். அந்தக் காலத்தில் நடந்த கதை இது. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள் இப்போதே போய் இறக்கிவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல மாட்டேன்.

கடலும் ஆறும் கலக்கிற இடத்தில் கழிமுகத்தூர் என்று ஓர் ஊர். அங்கே மாசிலான் என்று ஓர் உப்பு வியாபாரி. அவன் மனைவி உமையாள். இரண்டு பேரும் தலையில் உப்பு சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார்கள். பிள்ளை இல்லை. ஆளுக்கு ஒரு மூட்டை, அவ்வளவுதான் குடும்பம்.

ஒருமுறை மாசிலானுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்தால் முதல் உப்பில் ஒரு படி எடுத்துத் தலையில் வைத்து நடந்தே ஏழிலைக் குன்றுச் சாமியிடம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிழைத்தான். பிழைத்தவர்கள் செய்வதைத்தான் அவனும் செய்தான். கோடை முடியட்டும் என்றான். மழை முடியட்டும் என்றான். பனி முடியட்டும் என்றான். மூன்றும் முடிவதற்குள் அவன் முடிந்துபோனான்.

அந்தச் சீமையில் ஒரு நம்பிக்கை உண்டு. நேர்ந்ததைச் செலுத்தாமல் செத்தவர், அந்தச் சுமையைத் தலையில் வைத்தபடி எங்கோ ஒரு வழியில் நிற்பார். உட்கார முடியாது, படுக்க முடியாது, போய்ச் சேரவும் முடியாது. அவருக்காக யாராவது அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அவர் தலையிலிருந்து அது இறங்கும்.

உமையாளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அவன் நிற்கிறான். சோற்றில் கை வைத்தால் அவன் நிற்கிறான். வாசல் பெருக்கும்போதும் நிற்கிறான்.

“நானே கொண்டு போகிறேன்” என்றாள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் “நாங்களும் கூட வர்றோம் உமையா. தனியா எப்படிப் போவே, பாவம்” என்றார்கள்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. உமையாள் பசியைப் பொறுப்பாள், வெயிலைப் பொறுப்பாள், பாவம் என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள். அன்று கதவைச் சாத்தியவள்தான். அதற்குப் பிறகு ஒரு பிடி நெருப்புக்குக்கூட அடுத்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஏழிலைக் குன்றுக்கு ஒரே ஒரு கட்டளை. ‘ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை.’ நேர்ந்ததைத் துணியில் முடிந்து முடிப்பு கட்டுகிறவர் எவரும் இதை மீறக் கூடாது. மாசிலான் அடிக்கடி சொல்லி உமையாளின் காதில் விழுந்திருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? ஒரு கையால் தூக்கி ஏற்ற வேண்டும், மறு கையால் இறக்க வேண்டும். சுமை அவ்வளவு இலேசாக இருக்க வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

புரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். சரி, கேளுங்கள்.

முதல் வருஷம் கோடையில் புறப்பட்டாள். இலேசாகக் கட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். தாகம் எடுக்குமே என்று இரண்டு மண்கூஜா வைத்தாள். வெயில் அடிக்குமே என்று ஓலைக்குடை வைத்தாள். அவல், வெல்லம், சுக்கு, விசிறி, பாய். வழியில் யாரிடமும் கேட்டு நிற்கக் கூடாதே என்று ஓர் அம்மிக்குழவி. கோடையில் எதற்கு என்று தெரியாது, ஆனாலும் இருக்கட்டுமே என்று ஒரு கம்பளி. எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கோ ஒரு படி உப்பு.

ஒரு கையால் என்ன, நான்கு கையாலும் அதை ஏற்ற முடியாது. மூட்டையைக் குட்டிச்சுவர்மேல் உருட்டி வைத்து, கீழே குனிந்து, தலையைக் கொடுத்து நிமிர்ந்தாள். இந்தத் தடவை மட்டும் சாமி கட்டளையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வழி நெடுக அவள் தேடியது நிழலை இல்லை, சுவரை. சுவர் இருந்தால்தான் மூட்டையை இறக்கலாம், மறுபடி ஏற்றலாம். சுவர் இருந்த இடத்தில் நின்றாள், இல்லாத இடத்தில் நிற்காமல் நடந்தாள். எதிரே வந்தவர்கள் “ஏத்தி இறக்கி விடணுமாம்மா?” என்று கேட்டார்கள். “வேண்டாம்” என்றாள். கேட்டவர்கள் போய்விட்டார்கள்.

கரிசல் காடு வந்தது. அங்கே மரமும் இல்லை, சுவரும் இல்லை. கழுத்து நரம்பு தெறித்துவிடும்போல் ஆனபோது மூட்டை தானாகச் சரிந்து விழுந்தது. இரண்டு கூஜாவும் உடைந்தன. தண்ணீரைக் கரிசல் குடித்தது. உப்பும் அதோடு போயிற்று. ஓலைக்குடையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் புறப்பட்டாள். போன வருஷம் என்னவெல்லாம் கழுத்தை ஒடித்ததோ அதையெல்லாம் இந்த வருஷம் வீட்டிலேயே போட்டாள். கூஜா வேண்டாம், வானமே தண்ணீர் ஊற்றுகிறது. குடை வேண்டாம், வெயில் இல்லை. உப்பை மண்சட்டியில் போட்டு வாயைக் கட்டுவது வழக்கம். சட்டி கனம் என்று அதையும் எடுத்துவிட்டு உப்பை வெறும் துணியில் முடிந்தாள்.

ஓர் உப்பு வியாபாரி பெண்சாதி, மழையில், உப்பைத் துணியில் முடிந்தாள். போன வருஷத்து வலிக்கு இந்த வருஷம் மூட்டை கட்டுகிறவர்கள் இப்படித்தான் கட்டுவார்கள்.

மூன்றாவது ஊர் தாண்டும்போது பிடித்துக்கொண்டது மழை. உப்பு கரைந்து நெற்றியில் வழிந்தது, கன்னத்தில் வழிந்தது, உதட்டில் வழிந்தது. எதிரே குடை பிடித்து வந்த ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“ஏன் தாயி இப்படி அழுவுறே? யாருக்கு என்ன ஆச்சு?”

“அழலை. இது உப்பு.”

“எல்லாருக்கும் உப்பாத்தான் இருக்கும் தாயி. வா, குடைக்குள்ள வா.”

“உப்புன்னு சொல்றேனே, காது கேக்கலையா!” என்று கத்திவிட்டு உமையாள் வேகமாக நடந்தாள். அந்தப் பெண் குடையோடு அங்கேயே நின்றாள். கொஞ்ச தூரம் போனதும் உமையாளுக்கே சந்தேகம் வந்தது, உப்பு எது, மற்றது எது என்று. துடைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அதற்குள் தலைமேல் இருந்த துணியில் ஒன்றும் மிச்சமில்லை. திரும்பினாள்.

மூன்றாம் வருஷம் பனிக்காலத்தில் புறப்பட்டாள். பனிக்காலத்தில் அந்தக் குன்றுக்கு யாரும் போவதில்லை. அதற்காகவே அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

இந்தத் தடவை உப்பை ஒரு மூங்கில் குழாயில் போட்டு, வாயை மெழுகால் அடைத்து, துணியில் சுற்றினாள். கூடவே இரண்டு பிடி அவல். கம்பளியை எடுத்தாள், தூக்கிப் பார்த்தாள், வைத்துவிட்டாள். தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைக்கிற சும்மாடு, சுருட்டிய ஒரு பழந்துணிதான், அதையும் வைத்துவிட்டாள். இந்தச் சின்ன முடிப்புக்குச் சும்மாடு எதற்கு? ஒரு கையால் பிடித்துக்கொண்டால் போகிறது.

வலது கையால் தூக்கினாள். தலையில் ஏறியது. இடது கையால் இறக்கினாள். இறங்கியது. ‘ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை.’ சாதித்துவிட்டாள்! பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

பனிக்காலத்து வழியில் பேச்சுக்கு ஆள் கிடையாது. விடிகாலையில் அவள் கால்சத்தம் மட்டும் கேட்கும். வலது கை மரத்தால் இடது கையால் முடிப்பைப் பிடிப்பாள், இடது கை மரத்தால் வலது கை. ஒரு கை எப்போதும் தலையில்தான். குளிரில் தன்னைத்தானே கட்டிக்கொள்ளக்கூட இரண்டு கை சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை.

ஓர் இடத்தில் ஆட்டுக்காரர்கள் செத்தை கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். “இப்படி வந்து உக்காரும்மா, உடம்பு நடுங்குதே” என்றார்கள். “எனக்கொண்ணும் குளிரலை” என்றாள். பல் கிட்டிப்போய் அந்த வார்த்தையே சரியாக வரவில்லை. அவர்கள் சிரித்தார்கள். அவள் நடந்தாள். நெருப்பின் வெளிச்சம் முதுகுப் பக்கம் சின்னதாகி, சின்னதாகி, இல்லாமல் போனதை அவள் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள்.

ஒருவழியாகக் குன்றின் அடிவாரம் வந்தது. காலை வெயில் அப்போதுதான் பனியைத் தொட்டிருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விறகுக் கட்டு கிடந்தது. அதன்மேல் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். விறகு பொறுக்கிப் பிழைக்கிற காத்தாயி அவள்.

“அக்கா, அக்கா! நல்ல வேளை வந்தே. முள்ளு குத்திச் சுமையைப் போட்டுட்டேன். கொஞ்சம் ஏத்தி விடுக்கா.”

உமையாள் விறகுக் கட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். “தூக்க முடிஞ்சதைக் கட்டணும். பாதியை எடுத்து எறிஞ்சிட்டுப் போ.”

“பாதியை எறிஞ்சா பாதி உலைதான்கா கொதிக்கும்.”

“நான் ஒரு கையாலே கட்டி ஏத்திக்கிட்டு எவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றேன் தெரியுமா? நான் யாரையாவது கேட்டேனா?”

“நீ கேக்கலை, சரி. நான்தானே கேக்குறேன்?” என்றாள் காத்தாயி.

உமையாள் அவளைத் தாண்டிப் படி ஏறினாள்.

குன்றின் உச்சியில் ஒரு சின்னக் கோயில். பூசாரி மட்டும் தனியாக இருந்தார். உமையாளைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

“வா தாயே. பனியிலே ஆள் வந்து எத்தனையோ வருஷமாச்சு. நல்ல நாள்தான் பார்த்து வந்தே. இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சா நடை சாத்திட்டு இறங்கிடுவேன். அப்புறம் பங்குனியிலேதான். சரி, முடிப்பை ஏத்தினது யாரு?”

“இந்தக் கை” என்று உமையாள் வலது கையை நீட்டினாள்.

“அது உன் கை.”

“என் கைதான். பின்னே, பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடுங்கிக்கிட்டா வர முடியும்?”

பூசாரி சிரிக்கவில்லை. “பிடுங்க வேண்டாம் தாயே. கேட்டிருக்கணும். ஏத்த ஒரு கைன்னா இன்னொருத்தர் கை. இறக்க ஒரு கைன்னாலும் இன்னொருத்தர் கை. சுமக்கிறவ கை ரெண்டும் இதிலே சேர்த்தியே இல்லை. கூட்டம் கூட்டமா இங்க வர்றவங்க ஒருத்தருக்கொருத்தர் ஏத்தி இறக்கிக்கிட்டுத்தான் வர்றாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?”

“நான் யாரையும் கேக்கலை” என்றாள் உமையாள். குரல் இறங்கிவிட்டது. “சரி, நீங்களே இறக்கி வச்சிடுங்க.”

“என் கை சாமிக்காக வாங்கிக்கிற கை. இறக்குற கையா ஆகாது. ஏத்தின கையும் பிசகு. அடிவாரத்துக்குப் போய் யாரையாவது இறக்கி, மறுபடி ஏத்திவிடச் சொல்லு. மேலே வந்து இறக்கவும் ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வா.”

“இந்தப் பனியிலே ஆளுக்கு எங்கே போவேன்?”

“அதைப் பனியிலே கிளம்பும்போது யோசிச்சிருக்கணும்” என்றார் பூசாரி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

உமையாள் அந்த இடத்திலேயே நின்றாள். இவ்வளவு தூரம் சொந்தக் கையால் எத்தனையோ தடவை ஏற்றி இறக்கிய முடிப்பு. இப்போது அதைத் தொட்டு இறக்கப் பயமாக இருந்தது. இறக்கினால் இந்த வருஷமும் போயிற்று. உட்கார முடியவில்லை. சாய முடியவில்லை. காற்று வந்தது, அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு படி உப்பு, முதல் வருஷம் சுமந்த மூட்டையைவிடக் கனமாகக் கழுத்தில் இறங்கியது. மாசிலான் எப்படி நிற்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷமாக நிற்கிறான்.

விறுவிறுவென்று படி இறங்கினாள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. விறகுக் கட்டு அங்கேயே கிடந்தது. காத்தாயியும் அங்கேயே இருந்தாள். உமையாள் அவள் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். கேட்டுப் பழகாத வாய்.

காத்தாயிதான் முதலில் பேசினாள். “என்னக்கா, சாமி வீட்டிலே இல்லையா?”

“இருக்கு” என்றாள் உமையாள். பிறகு ஒரே மூச்சில், “இதை இறக்கி விடு. மறுபடி ஏத்தி விடு. மேலே வந்தும் இறக்கணும். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஓ! காலையிலே ஒரு கை இருந்துச்சே, அது எங்க போச்சு? வழியிலே விழுந்துடுச்சா?”

உமையாள் தலை குனியவும் முடியாமல் நின்றாள். தலையில் முடிப்பு இருக்கிறதே. அவள் கன்னத்தில் வழிந்ததை இந்தத் தடவை உப்பு என்று சொல்ல முடியாது. காத்தாயி அதைப் பார்த்தாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் முடிப்பை இறக்கினாள். மூன்று வருஷத்தில் உமையாளுக்குப் பக்கத்தில் வந்த முதல் கை அது.

“பாவம்னு சொல்லிடாதே” என்றாள் உமையாள்.

“சொல்லுவேனா? உன்னைப் பார்த்தா பாவமாவா இருக்கு? திமிராத்தான் இருக்கு” என்றாள் காத்தாயி. “என் ஊரு குன்றுக்கு அந்தப் பக்கம்தான்கா. எப்படியும் ஏறித்தான் இறங்கணும். வா, போகலாம்.”

ஆனால் போவது எப்படி? யோசித்துப் பாருங்கள். விறகை முதலில் காத்தாயி தலையில் ஏற்றிவிட்டால், அவள் குனிந்து முடிப்பை எடுக்க முடியாது. முடிப்பை முதலில் உமையாள் தலையில் ஏற்றினால், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். மிச்சம் ஒரு கை. பச்சை விறகுக் கட்டை ஒரு கையால் யாராலும் தூக்க முடியாது.

“உன் சும்மாட்டை எடு. அதை வச்சா கை விட்டாலும் முடிப்பு நிக்கும்” என்றாள் காத்தாயி.

“கனம்னு வீட்டிலேயே போட்டுட்டேன்.”

“சும்மாடா கனம்?” காத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லா கட்டினே போ மூட்டை!”

காத்தாயியிடம் இருந்ததும் ஒரே ஒரு சும்மாடு. அதைப் பிரித்தாள், பல்லால் கடித்தாள், நடுவில் கிழித்தாள். பாதியைச் சுருட்டி உமையாள் தலையில் வைத்து, அதன்மேல் முடிப்பை வைத்து அமுக்கினாள். முடிப்பு தானாக நின்றது. உமையாளுக்கு இரண்டு கையும் விடுதலை. குனியாமல், முழங்காலை மட்டும் மடக்கி, கட்டைப் பிடித்து, இரண்டு பேருமாக ஒரு உந்து உந்தி விறகைக் காத்தாயி தலையில் ஏற்றினார்கள். மிச்சப் பாதிச் சும்மாடு காத்தாயிக்குப் போதவில்லை. விறகு அவள் உச்சியை அறுத்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மெதுவாக ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூசாரி சாவியோடு நின்றார்.

“ஏத்தினது யாரு?”

“நான்தான் சாமி” என்று காத்தாயி விறகைத் தடாலென்று கீழே போட்டாள். விறகுக்கு வலிக்காது. வந்து உமையாள் தலையிலிருந்து முடிப்பை இறக்கி வைத்தாள். பூசாரி மெழுகை உடைத்து உப்பைச் சன்னதியில் கொட்டினார். ஈரம் படாத உப்பு சரசரவென்று விழுந்தது.

அந்தச் சத்தம் நின்றதும் உமையாளுக்கு உடம்பே இலேசாயிற்று. எங்கோ ஒருவன் உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்தது.

“சீக்கிரம் உள்ளே வந்து சாமியைப் பாரு தாயே. விளக்கிலே எண்ணெய் தீரப் போகுது. இப்போ விட்டா பங்குனிதான்” என்றார் பூசாரி.

உமையாள் வாசற்படியில் கால் வைத்தாள். பின்னால் காத்தாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, ஏத்தி விட்டுட்டுப் போறியா? கைப்பிள்ளையை நாத்தனார்கிட்ட விட்டுட்டு விடியக்காலம் வந்தவ. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு நோவுது.”

“காலையிலே ஏன்டி சொல்லலை?”

“நீ எங்க நின்னே, சொல்றதுக்கு?”

உமையாள் உள்ளே பார்த்தாள். ஒற்றை விளக்கு. அதற்குப் பின்னால் இருட்டில் சாமி. மூன்று கோடை, மூன்று மழை, மூன்று பனி அவள் நினைத்துக்கொண்டிருந்த முகம். இன்னும் இரண்டடி வைத்தால் பார்த்துவிடலாம்.

காலை எடுத்தாள். திரும்பி வந்தாள். தன் தலையிலிருந்த பாதிச் சும்மாட்டையும் காத்தாயி தலையில் வைத்து, குனிந்து விறகைப் பிடித்தாள். விறகு ஏறி நின்றபோது விளக்கு அணைந்திருந்தது. பூசாரி கதவைச் சாத்திவிட்டார்.

“வர்றேன்கா” என்று காத்தாயி அந்தப் பக்கத்துப் படியில் இறங்கினாள். தலையில் சுமை இருக்கிறவர்களால் திரும்பிப் பார்க்க முடியாது. அவளும் திரும்பவில்லை. விறகுக் கட்டு ஒவ்வொரு படியாகத் தாழ்ந்து, புதருக்குள் மறைகிறவரை உமையாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இந்தப் பக்கத்துப் படியில் இறங்கினாள்.

தலையில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. இதைவிட இலேசாக அவள் ஒருநாளும் நடந்ததில்லை. இதைவிடத் தனியாகவும் நடந்ததில்லை.

அடிவாரத்துப் பாதையில் மறுநாள் சந்தைக்குப் போகிற கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. கூட்டம் திருப்பத்தில் பாதி மறைந்துவிட்டது. பேச்சுச் சத்தமும் தேய்ந்துகொண்டே போனது.

“நில்லுங்க!” என்று உமையாள் கத்தினாள். “நானும் வர்றேன்!”

கூட்டத்தில் கடைசியாகப் போன கிழவர் நின்றார். அவள் ஓடி வந்து சேருகிறவரை நின்றார்.

நெடுவழி நடக்கிறவர் எந்தக் காலத்திலும் சுமையைக் குறைத்துக் கட்ட வேண்டியதுதான், ஆனால் அடுத்தவர் கையே தேவையில்லை என்கிற அளவுக்குக் குறைத்தால் அந்தச் சுமையை இறக்கி வைக்க ஆள் இருக்காது.